பள்ளிக்கூடமும் வேண்டும், வீடும் வேண்டும்

பகலெல்லாம் தோட்டத்தில் காப்பிப் பழம் எடுத்துவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற வெள்ளக்கடை மக்களே! பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிற வழக்கம் நகரங்களில் தலையெடுத்திருக்கிறது. அந்தப் பெற்றோர் சொல்லும் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மனப்பாடம், மதிப்பெண் வெறி, ஓடுகிற பிள்ளைக்கும் நடக்கிற பிள்ளைக்கும் ஒரே பாடம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989-லிருந்து இருக்கிறது, அதன் வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் பத்தாவது பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் என்ன தண்டனை என்று சொல்லவில்லை. சரி, யாரால் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க முடியும்? அப்பாவோ அம்மாவோ ஒருவர் நாள் முழுக்க வீட்டில் இருந்தாக வேண்டும். இங்கே இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் உலை கொதிக்கும்! (கைதட்டுங்கள், ஆனால் முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது, பார்த்துத் தட்டுங்கள்.)

ஆகவே பள்ளியை விடச் சொல்லி நான் வரவில்லை. பள்ளியைக் குறைத்து வீட்டைக் கூட்டிய கதை நமக்குப் புதிதும் இல்லை. 1953-ல் ராஜாஜி முதலமைச்சர். நம் சேலம் நகராட்சிக்கே தலைவராக இருந்தவர். தொடக்கப் பள்ளியை மூன்று மணி நேரமாக்கினார், மிச்ச நேரம் பிள்ளை வீட்டில் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். அவர் பக்கமும் சொல்லிவிடுகிறேன்: கட்டடம் போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, இரண்டு வேளையாகப் பிரித்தால் இன்னும் நிறையப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது கணக்கு. ஆனால் செருப்புத் தைப்பவர் மகன் மிச்ச நேரத்தில் எதைக் கற்பான்? குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் எதிர்த்தார், நாடு கொதித்தது, 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அவர் போனதும் வந்தாரே ஒருவர், ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய விருதுநகர்க்காரர்! பெயர் சொல்ல வேண்டுமா? (நீங்களே சொல்கிறீர்கள், காமராஜர்!) வந்ததும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். வயிறு காய்ந்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்று 1956-ல் மதியச் சோறு போட்டார். வீட்டால் முடியாததைப் பள்ளி செய்ய வேண்டும் என்று தெரிந்த மனுஷன் அவர். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும், வேண்டாம்.

இரண்டாவது சாட்சி, நாம் எல்லோரும் பட்டது. கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1. ஏறக்குறைய இருபது மாதம் தமிழ்நாடு முழுக்க வீடுதான் பள்ளிக்கூடம். போனும் சிக்னலும் உள்ள வீட்டில் பிள்ளை ஏதோ படித்தது, இல்லாத வீட்டில் எழுத்தே மறந்தது. அதைச் சரிக்கட்டத்தான் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைச் சாயங்காலத்தில் தெருவுக்கே அனுப்ப வேண்டி வந்தது. வீட்டை மட்டும் நம்பினால் வசதியுள்ள வீடு ஜெயிக்கும், அவ்வளவுதான்.

"அப்புறம் வீட்டுக்கு என்னதான் வேலை? எங்களுக்குக் கையெழுத்துப் போடவே வராதே" என்பீர்கள். இந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே உங்கள் பிள்ளை முழுத் தமிழ் பேசுகிறது. நேற்று வந்தான், நாளைக்கு வருவான் என்று காலம் பிசகாமல் பேசுகிறது. எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்? நீங்கள்தான்! சாயங்காலம் எடை போடுகிற இடத்தில் பிள்ளையும் நிற்கிறது. தராசில் மூட்டை ஏறுகிறது, முள் ஆடி நிற்கிறது, கணக்கர் நோட்டில் ஒரு எண் எழுதுகிறார். அந்த எண்ணைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். சாக்கு எடையைக் கழித்தால் எவ்வளவு என்று கேளுங்கள். ஐந்தாறு கிலோ பழம் காய்ந்து தோல் போனால் ஒரு கிலோ கொட்டைதான் தேறும். அப்படியானால் இன்றைக்கு எடுத்தது எத்தனை கிலோ கொட்டை? வகுத்தல் கணக்கு வந்துவிட்டது! கூலி சரியா என்று பார்க்கவும் வீட்டில் ஒரு ஆள் தயார். (சிரிக்காதீர்கள், எடை போடுகிறவர்கள் யாராவது கூட்டத்தில் இருக்கப்போகிறார்கள்.) இதுவும் அப்பன் தொழில்தானே என்று மடக்கலாம். ராஜாஜி திட்டத்தில் தொழில் பிள்ளையின் பள்ளி நேரத்தைத் தின்றது. நான் சொல்வதில் பள்ளி நேரம் ஒரு நிமிஷம் குறையாது, தோட்டத்துக் கணக்கு பள்ளிப் பாடத்தை வலுவாக்கும்.

"எங்கள் பிள்ளை விடுதியில் அல்லவா இருக்கிறது" என்று சிலர் கேட்பது நியாயம். இந்த மலை விநோதமான மலை. ஏற்காட்டில் 1894-லிருந்து சேக்ரட் ஹார்ட், 1917-லிருந்து மான்ட்ஃபோர்ட். எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் இங்கே தங்கிப் படிக்க வருகிறார்கள். இந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளோ உண்டு உறைவிடப் பள்ளிக்கென்று வீட்டை விட்டுப் போகிறார்கள். லீவில் வந்த பிள்ளை கையில் முதல் நாளே கூடையைக் கொடுக்காதீர்கள். என்ன படித்தாய், எனக்குச் சொல்லிக்கொடு என்று உட்காருங்கள். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தால்தான் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

மேடைக்கு மேடை அரசுப் பள்ளியைப் புகழ்ந்துவிட்டுத் தன் பேரனை வேனில் ஏற்றி வேறு எங்கோ அனுப்புகிறவர்கள் உண்டு, பெயர் வேண்டாம், அவர்களுக்கே தெரியும்! நம் பள்ளியைச் சரிசெய்ய அவர்களை நம்பி நிற்க வேண்டியதில்லை. அதே கல்வி உரிமைச் சட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. ஆசிரியர் ஏன் குறைவு, மழைக்காலத்தில் பிள்ளைகள் வரும் பாதைக்கு என்ன வழி என்று அங்கே கேட்கலாம், தீர்மானம் எழுதச் சொல்லலாம். அடுத்த குழுக் கூட்டத்துக்கு யார் யார் வருகிறீர்கள், கையைத் தூக்குங்கள். ஆண்கள் கொஞ்சம் இறக்குங்கள், முதலில் தாய்மார்களை எண்ணிக்கொள்கிறேன்.