நோயாளரைத் தாங்குவோரை நாம் தாங்குவோம்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சூலை நோயால் துடித்துத் திருவதிகைக்கு வந்த மருணீக்கியாரை நாமெல்லாம் அறிவோம். அவரே பின்னர் திருநாவுக்கரசர் ஆனார். அவருடைய பதிகங்கள் இன்றும் நம் கோயில்களில் ஒலிக்கின்றன. அந்தத் தம்பியை ஏற்றுத் தேற்றித் திருநீறளித்துச் சந்நிதிக்கு அழைத்துச் சென்ற தமக்கையார் திலகவதியாரோ அறுபத்து மூவர் வரிசையில் இல்லை. நோயாளரின் அருகே நிற்பவரை உலகம் மறப்பது இன்று நேற்றுத் தொடங்கியதன்று.

நம் ஊரையே பார்ப்போம். சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வருகையில் வாசல்தோறும் நிறைகுடம் வைக்கிறோம். ஊரே திரண்டுவிட்டது என்று மகிழ்கிறோம். பாரிசவாதத்தில் விழுந்த தந்தையை விட்டுப் படலையைத் தாண்ட முடியாத மகள் அக்கூட்டத்தில் இல்லை என்பதை நாம் கவனிப்பதில்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் இடர்ப்படுவோர் இந்நாட்டில் 16 இலட்சம் பேர். நீண்ட போரும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் நம் மாவட்டத்தில் விட்டுச் சென்ற காயங்களை நாம் அறிவோம். இவர்களுட் பலருக்கு ஊட்டவும் குளிப்பாட்டவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் தாய், மனைவி, அல்லது மணமாகாத மகள்.

அவர் செய்யும் வேலை சிறிதன்று. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிவிடாவிடின் படுக்கைப் புண் உண்டாகும்; அதற்கு இரவு பகல் இல்லை. நாமோ வாசலில் நின்று, "ஐயாவுக்கு இப்ப எப்படி?" என்று கேட்டுத் திரும்புகிறோம். "உமக்கு எப்படிப் பிள்ளை? இரவு நித்திரை கொண்டீரா?" என்று கேட்பவர் எத்தனை பேர்?

மாற்றுத்திறனாளரின் உரிமைகளைக் காக்க 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வறிய குடும்பத்து மாற்றுத்திறனாளர்க்கான மாதக் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நல்லதே. ஆனால், தொழிலைத் துறந்து பக்கத்திலிருப்பவர் இழந்த சம்பளத்தை அது ஈடு செய்யாது.

இங்கிலாந்தில் மேரி வெப்ஸ்டர் என்னும் அம்மையார் பெற்றோரைப் பராமரிக்கத் தம் பணியை விட்டவர். 1963இல் தம் போன்றோரின் நிலையைப் பத்திரிகைக்கு எழுதினார். 1965இல் அவர்களுக்கென ஒரு சங்கம் பிறந்தது. 1976இல் பராமரிப்போர்க்கு அரசு உதவிப்பணம் தொடங்கிற்று. எனினும் மணமான பெண்களுக்கு 1986 வரை அது மறுக்கப்பட்டது. வீட்டிலிருப்பது அவர்கள் கடமைதானே என்ற எண்ணமே காரணம். அந்த எண்ணம் நம்மிடமும் இல்லையா? "புண்ணியவதி" என்று புகழ்ந்துவிட்டு நடையைக் கட்டுகிறோம். புகழ்ச்சி ஓர் இரவு நித்திரைக்கு ஈடாகாது.

கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி, பின்னர் மலப்புறத்தில் அயலவரையே தொண்டராகப் பழக்கி வீடு வீடாகச் சென்றது. அவர்கள் செய்ததை நாம் ஏன் செய்யலாகாது?

இளைஞர்காள்! இருவர் இருவராக ஒரு வீட்டைப் பொறுப்பேற்போம். கிழமைக்கு இரண்டு மணி நேரம் நோயாளரருகே நாமிருப்போம்; அந்நேரம் பராமரிப்பவர் கோயிலுக்குப் போகட்டும், அல்லது உறங்கட்டும். கிளினிக் வரிசையில் நின்று மருந்தெடுத்துக் கொடுப்போம். பிரதேச செயலகத்துப் படிவங்களை நிரப்பிக் கொடுப்போம். தூக்குவதும் புரட்டுவதும் எவ்வாறென்று தாதிமாரிடம் முதலிற் கற்றுக்கொள்வோம். நோயாளரின் மானத்தைக் காத்து, கண்டதை வெளியிற் பேசாதிருப்போம்.

பெரியோர்களே! உங்களிடமும் ஒரு விண்ணப்பம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் மகன் விடுமுறையில் வரும்போது இரவுக் காவலையும் ஏற்கட்டும். ஒரு பிள்ளையின் தோளில் மட்டும் சுமையை வைத்துவிட்டு, அதைக் குடும்பப் பெருமை என்று நாம் கூறாதிருப்போம்.

அடுத்த நகர்வலத்தில் அந்த மகளும் தேரடியில் நின்று கும்பிட வேண்டும். அந்நேரம் அவள் தந்தையருகே நம்மில் ஒருவர் இருக்க வேண்டும்.