கடைசி வரிசைக்கும் பசிக்கும்!

விமானத்துல காசு கொடுத்துச் சாப்பிடுறவன் எதிர்பார்க்கிறது ருசியைத்தான்னு எதிரணித் தங்கை அடிச்சுச் சொன்னாங்க. ஏம்மா, முப்பதாயிரம் அடி உயரத்துல நாக்கே கட்சி மாறிடும்! உள்ளே காற்று வறட்சி, அழுத்தமும் குறைவு. உப்பும் இனிப்பும் மந்தமாத்தான் தெரியும். அங்கே போய் ருசியைத் தேடலாமா?

2003-ல் ஏர் டெக்கான் வந்தது. டிக்கெட் மலிவு, சாப்பாட்டுக்குத் தனிக்காசு. நான் குறை சொல்லலை. அப்படி வந்ததாலதானே என்னை மாதிரி வாத்தியாரும் வானத்துல ஏறினான்!

ஆனா, ஒரு தடவை சென்னையிலிருந்து டெல்லிக்குப் போறேன். கடைசி வரிசை. பக்கத்துல ஒரு பெரியவர், சர்க்கரை நோயாளி. அட்டையில ஒன்பது பண்டம் அச்சடிச்சிருக்கு. வண்டி எங்ககிட்ட வந்தப்போ, "இனிப்பு பிஸ்கட் மட்டும்தான் சார் இருக்கு"ன்னாங்க. பெரியவர் நீட்டின இருநூறு ரூபாய் அந்தரத்துல நிக்குது. காசு இருக்கு, பசி இருக்கு, பண்டம் இல்லை!

வீட்டுல கட்டிக் கொடுத்த இட்லிப் பொட்டலத்தைப் பிரிச்சேன். நாலு இட்லியில ரெண்டு அவருக்கு. சாப்பிட்டு முடிச்சவர், அதே நோட்டை என்கிட்ட நீட்டினார். "எவ்வளவு தம்பி?" எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

காசு வாங்குங்கள், தவறில்லை. ஆனால் அட்டையில் போட்டது கடைசி வரிசைக்கும் கிடைக்க வேண்டும். பயணி எதிர்பார்ப்பது ருசியை அல்ல, நம்பிக்கையை!