வீட்டிலிருந்து கற்போர்க்குப் பரீட்சை ஏற்பாடு
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியின் சிறப்பை எடுத்துரைக்க நாம் இன்று எழுந்தோமில்லை. அதனை அறியாதார் இவ்வவையில் எவருமிலர். கற்ற கல்விக்குச் சான்று பெறுவது எவ்வாறு என்னும் சிறு காரியத்தைப் பற்றியே சில மொழிகள் கூற விரும்புகின்றோம். காரியம் சிறிதாயினும், அதனைக் கவனியாது விடுவதால் நம் பிள்ளைகள் அடையும் நஷ்டம் சிறிதன்று.

வீட்டிலிருந்தே கற்றுப் பட்டம் பெறுவது புதிய வழக்கமன்று. லண்டன் சர்வகலாசாலையானது 1858-ஆம் ஆண்டிலேயே, தன் கலாசாலைகளிற் பயிலாதாரும் தன் பரீட்சைகளுக்கு வரலாமென்று வாயிலைத் திறந்துவிட்டது. 1921-இல் கொழும்பில் ஏற்பட்ட யூனிவர்சிட்டி காலேஜின் மாணாக்கர், இலங்கைக்கெனத் தனிச் சர்வகலாசாலை 1942-இல் அமையும்வரை, அந்த லண்டன் பட்டத்திற்கே பயின்றனர். எங்கேனும் கற்கலாம், எவரிடமேனும் கற்கலாம். பரீட்சை மாத்திரம் நம்பத்தக்க ஒருவரின் கண்முன் எழுதப்படல் வேண்டும் என்பதே அம்முறையின் உயிர்நிலை.

இக்காலத்தில் அவ்வாயில் இணையத்தின் வழியாக நம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் கூடி நடத்தும் என்.பி.டி.இ.எல். 2014 முதல் சான்றிதழுக்குரிய பாடங்களை அளித்து வருகின்றது. மத்திய அரசாங்கத்தாரின் ஸ்வயம் 2017-இல் தொடங்கப்பெற்றது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே கற்கக் கல்லூரிகள் இடங்கொடுக்கலாம்.

இவற்றிற் சேர்ந்து பாடங் கேட்பதற்குக் கட்டணமில்லை. ஆனால் பாடத்திற் சேர்தல் ஒன்று, பரீட்சைக்குப் பதிவு செய்து கட்டணஞ் செலுத்துதல் மற்றொன்று. முன்னதைச் செய்தவர் பின்னதும் தானே நடந்துவிடுமென்று எண்ணி ஏமாறுகின்றனர். என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாராந்தரப் பயிற்சிகட்கு 25 மதிப்பெண்ணும், நேரிற் சென்றெழுதும் பரீட்சைக்கு 75 மதிப்பெண்ணும் உண்டு. முன்னதில் 10-ம் பின்னதில் 30-ம் பெற்றாலன்றிச் சான்றிதழ் இல்லை. ஆதலின் 10-ம் 30-ம் பெற்று 40 எடுத்தவன் தேறுகின்றான். வீட்டுப் பயிற்சியில் 25-ம் முழுமையாகப் பெற்றுப் பரீட்சையில் 29 எடுத்தவன், கூட்டுத்தொகை 54 ஆகியும் தேறான். கண்காணிப்பில் எழுதிய எழுத்திற்கே மதிப்பு என்பது இதனால் விளங்கும்.

வெளிநாட்டுக் கலாசாலைகளிற் சில, மாணாக்கரே தம்மூரில் ஒரு மேற்பார்வையாளரைக் குறிப்பிட்டுக்கொள்ள இசைகின்றன. அவர் மாணாக்கரின் அடையாளச் சீட்டைப் பார்த்து, கடவுச்சொல்லைத் தாமே பெற்று, முடியும்வரை உடனிருந்து காத்தல் வேண்டும். நம்மூர்ப் பெண்ணொருத்தி அத்தகைய பாடமொன்று பயின்றாள். உபாத்தியாயராகிய தாய்மாமனையே மேற்பார்வையாளராகக் குறித்தனுப்பினாள். உறவினர் ஆகாரென்று கலாசாலையார் மறுத்துவிட்டனர். அவர் நேர்மையிற் குறைந்தவரோ? அல்லர். நம்மிடையே பலர் அம்மறுப்பை அவமதிப்பாகவே கொண்டனர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். தவணை முடிய நான்கு நாட்களே இருந்தன. இச்சங்கத்தில் எவரைக் கேட்பினும் அவர் அவளுக்குச் சிற்றப்பனோ, அத்தையோ, மைத்துனனோ ஆயினர்! இறுதியில், நம் மரபினரல்லாத ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மூன்று மணி நேரம் நாற்காலியை விட்டெழாது காத்திருந்தார். காசு ஏதும் பெற்றிலர். காப்பி மாத்திரம் அருந்தினார்.

அன்று நாம் உணர்ந்தது யாதெனில், ஒருவரையொருவர் தாங்குவதற்கே சங்கம் அமைத்தோமாயினும், நம் பிள்ளையின் கல்விக்கு நாமே சாட்சி கூறின் அச்சாட்சி செல்லாது என்பதே. அயலார் கண்முன் எழுதிப் பெற்ற சான்றே அயலாரிடத்தும் செல்லும். அன்றியும், பரீட்சை வேளையில் அருகிருந்து விடை சொல்லிக் கொடுக்கும் அண்ணனும் அத்தானும் அன்பினாற் செய்வதாகவே எண்ணுகின்றனர். அவர்கள் ஒருவனுக்குச் செய்யும் அவ்வுதவி, உண்மையாகவே கற்ற நூறு பிள்ளைகளின் சான்றிதழை ஐயத்துக்கிடமாக்கும்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, பரீட்சைப் பதிவின் கடைசி நாட்களை இப்பத்திரிகையில் மாதந்தோறும் வெளியிடுக. பதிவிற் கொடுக்கும் பெயரும் அடையாளச் சீட்டிலுள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொடுக்க ஒருவரை நியமிக்க. இரண்டாவது, வெளியூர்ப் பரீட்சைக் கூடத்திற்குத் தனியே செல்லவியலாத பெண்மக்களை, முதல்நாளே அழைத்துச் சென்று தங்கவைத்துத் திரும்பக் கொணர்தற்குச் சங்க நிதியிலிருந்து சிறு தொகை ஒதுக்குக. துணையில்லையென்று ஒரு பெண் பரீட்சையை இழப்பாளாயின் அப்பழி நம்மையே சாரும். மூன்றாவது, காமிராவின் வழியே கண்காணித்து வீட்டிலெழுத இடந்தரும் பரீட்சைகளில், அறையிற் பிறர் நடமாட்டம் கூடாது. ஓரறை வீட்டிற் பாட்டியையும் குழந்தைகளையும் எங்கே அனுப்புவது? கலாசாலையார் இசைவராயின், நம் கட்டிடத்து மாடியறையை அந்நாட்களில் ஒழித்துக் கொடுப்போமாக. சாவியும் மின்வசதியும் நம்முடையன. மேற்பார்வை மாத்திரம் பிறருடையதாகவே இருக்கட்டும்.

கதவைத் திறந்துவைப்பது நம் கடமை. உள்ளே அமர்ந்து எழுதுவது பிள்ளையின் கடமை. அவ்வேளையில் வெளியே காத்திருக்கப் பழகுவோமாக.