நிச்சயமான பிள்ளைக்கு என்ன பெயர்?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தாம்பூலம் மாற்றித் திருமணம் உறுதியான பின், தாலி கட்டும் நாள்வரை அம்மணமகனை எச்சொல்லாற் குறிப்பது? நம் காலனியின் இளம்பெண்கள் 'ஃபியான்சே' என்கின்றனர். தமிழிற் சொல் இல்லையா என்று பெரியவர்கள் முகஞ் சுளிக்கின்றனர். அவ்வினாவையே இன்று எடுத்துக்கொண்டேன்.

'ஃபியான்சே' பிரெஞ்சுச் சொல். நம்புதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரினின்று கிளைத்தது. மணத்திற்கு வாக்களித்தவன் என்பது கருத்து. பிரெஞ்சில் எழுதும்போது பெண்பாலுக்கு ஓரெழுத்து மிகும், ஒலி ஒன்றே. தமிழில் எழுதினால் ஆணா பெண்ணா என்பதே விளங்காது! நம் அண்டை வீட்டு இந்திக்காரர் 'மங்கேதர்' என்பர். கேட்டல் என்னும் வினையடியாகப் பிறந்தது. மராத்தியர் 'நியோஜித் வர்' என்பர். குறித்து வைக்கப்பெற்ற மணமகன்.

நமக்கோ 'மாப்பிள்ளை'. மணவாளப் பிள்ளை என்பதன் திரிபு என்பாரும், 'மா' என்னும் பெருமையடை பெற்றது என்பாரும் உளர். நிச்சயமான அன்றே வந்து சேரும் இச்சொல், முப்பதாண்டு கழிந்தும் நீங்குவதில்லை. இடைக்காலத்திற்கெனத் தனிப்பெயர் இல்லை. மாமியார் சொல்லலாம், மைத்துனன் சொல்லலாம், ஊரே சொல்லலாம். மணக்கப்போகும் பெண் 'என் மாப்பிள்ளை' என்றால், மகளைக் கட்டிக் கொடுத்தவளாகிவிடுவாள்! தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் மனைவியர் கணவரை அவ்வாறு குறிப்பதுண்டு. ஏனையோரிடம் அவ்வழக்கு அரிது.

அந்த இடைநிலையைப் பழந்தமிழர் அறியாதவரல்லர். 'வரைதல்' எனின் எல்லை வகுத்தல், மணந்துகொள்ளுதலும் அதுவே. 'வரைவிடை வைத்துப் பொருள்வயிற் பிரிதல்' என்பதை நம்பியகப்பொருளிற் காண்கிறோம். மணத்தை உறுதிசெய்தபின், அதற்கு வேண்டும் பொருள் தேடித் தலைவன் பிரியும் நிலை அது. நம் மூத்தோரிற் பலர் அத்துறைக்கு உரியவரே அன்றோ! ஊரிற் பெண்ணை நிச்சயித்து, இரயிலேறி வடக்கே வந்து, ஓரறையில் நால்வராய்த் தங்கிச் சம்பளத்தை மிச்சம் பிடித்து, விடுப்புப் பெற்றுச் சென்று தாலி கட்டியவர்கள். ஆயினும், நிலைக்குப் பெயரிட்ட இலக்கணம் ஆளுக்கு இடவில்லை. அவன் தலைவனாகவே நின்றான். காத்திருந்த பெண்ணுக்கு 'அவர்' என்னும் சுட்டுப்பெயரே துணை.

இன்றைய பெண்ணுக்கு அது போதாது. அலுவலகத்தில் உடன் பணிபுரிவோரிடமும், ஒருவேளை வங்காளியாகவோ பஞ்சாபியாகவோ இருக்கும் அப்பிள்ளையின் உறவினரிடமும் அவள் தானே எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது. அவள் வாய்க்கு உரிய சொல்லை நாம் ஆக்கித் தரவில்லை. அவள் கடன் வாங்கினாள். 'வருங்காலக் கணவர்' ஏட்டில் நன்றாயிருக்கிறது; நேரிற் சொன்னால் நாடக வசனமாகிறது. 'அவளுக்கு நிச்சயமான பையன்' என்று நம் ஊர்ப் பாட்டிமார் இயல்பாகச் சொல்வர். அதனையே பெண் தன் வாயால் 'இவர் எனக்கு நிச்சயமானவர்' என்று சொன்னால் என்ன? உங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லிப் பார்க்கட்டும். நாவுக்கு இசையவில்லையெனில் 'ஃபியான்சே' என்றே சொல்லட்டும். முகஞ் சுளிக்க வேண்டா.