இன்ஹேலருக்கு ஏன் பயம்?

ஒரு பெரியவர் டாக்டரிடம் போனார்.

"விடியற்காலையில இருமல் எழுப்பிவிடுது டாக்டர். மாடிப்படி ஏறினா நெஞ்சு இறுகுது, விசில் சத்தம் வருது."

பரிசோதித்துவிட்டு, "ஆஸ்துமாதான். இன்ஹேலர் எழுதறேன்" என்றார் டாக்டர்.

"ஐயோ, அது பழகிடுமாமே! மாத்திரையே கொடுங்க."

டாக்டர் சிரித்தார். "மூச்சுத் திணறலைத் தணிக்கிற சால்பியூட்டமால் மாத்திரை ஒண்ணு 4 மில்லிகிராம். இன்ஹேலர்ல ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம்தான். 40 அழுத்து மருந்து ஒரே மாத்திரையில! அது உடம்பெல்லாம் சுத்தும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்ஹேலர் மருந்து நேரா மூச்சுக்குழாய்க்கே போகும்."

பெரியவர் இன்ஹேலரை வாங்கி, வாயைத் திறந்து புஸ்ஸென்று அடித்துக்கொண்டார். மருந்து நாக்கோடு நின்றுவிட்டது!

முறை இதுதான்: குலுக்குங்கள். மூச்சை வெளியே விடுங்கள். உதட்டால் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். 10 விநாடி மூச்சை அடக்குங்கள்.

இன்ஹேலரில் திணறலை உடனே தணிப்பது ஒரு மருந்து; மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கத் தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு வேறொன்று. உடம்பு தேவலை என்று இந்தத் தினசரி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்ததும் வாயைக் கொப்பளியுங்கள்.

மருந்து எடுத்தும் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்!