ஏலம், குத்தகை, கேள்வி: பொதுப்பணத்தின் சொற்கள்



அரசு தன் பணிகளைப் பிறரிடம் ஒப்படைக்கும் முறையை ஆராய்தல் பொருளியலார் கடன். நாம் மொழியியலின் வழியே வந்தவர்கள். ஆதலின் அம்முறையைச் சொற்களின் வழியே காண முற்படுகிறோம்.

பினாங்குச் சந்தையில் நாம் கேட்கும் 'லேலோங்' என்னும் மலாய்ச் சொல்லும் தமிழின் 'ஏலம்' என்னும் சொல்லும் உடன்பிறப்புகள். இரண்டும் போர்த்துக்கேய மொழி தந்தவை. ஜார்ஜ் டவுனில் பிரித்தானிய ஆட்சி, அபின், சாராயம் முதலியவற்றின் விற்பனை உரிமையைக் குறித்த காலத்துக்குத் தனியாருக்கு விட்டு வருவாய் ஈட்டியது. மலாயில் அது 'பாஜாக்', தமிழில் 'குத்தகை'. அபின் குத்தகை 1909 இறுதிவரை நீடித்தது. 1910இல் அரசே அவ்வணிகத்தை ஏற்றது.

இன்று அச்சொல் திசை மாறியுள்ளது. நம் நாளேடுகளில் சாலை அமைப்பவரும் பள்ளி கட்டுபவரும் 'குத்தகையாளர்' எனப்படுகின்றனர். அன்று அரசு பணம் பெற்றது. ஆகவே மிகுதொகை தருபவரைத் தேடியது. இன்று அரசு பணம் தருகிறது. ஆகவே தகுதியுடையோருள் குறைந்த விலை சொல்பவரை நாடுகிறது. தகுதியை மறந்து விலையை மட்டும் நோக்கின், கட்டடம் பாதியில் நிற்கும்.

இவ்விலைக்கூற்றைத் தமிழகம் 'ஒப்பந்தப்புள்ளி' என்கிறது. இலங்கை 'கேள்விப்பத்திரம்' என்கிறது. முன்னது எண்ணைச் சுட்டுகிறது; பின்னது கேட்டலைச் சுட்டுகிறது. நமக்குப் பின்னதே உவப்பு. ஏனெனில் கேள்வி வணிகர்க்கு மட்டும் உரியதன்று. அழைப்பு யார்யாரை எட்டியது? உறைகள் யார் முன்னிலையில் திறக்கப்பட்டன? ஒருவரைத் தேர்ந்த காரணம் எழுதப்பட்டதா? இவை குடிமக்கள் கேட்க வேண்டிய கேள்விகள். தமிழ்நாடு இதற்கென 1998இல் சட்டம் இயற்றியது. நம் மக்களவை அரசாங்கக் கொள்முதல் மசோதாவை 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது.

இக்கவலை புதிதன்று. முதற்பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றவராக்கியது.

ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக் குத்தகை அறிவிப்பை வகுப்பில் படியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மாணவர் தமிழில் பொருள் கூறட்டும். சொல் விளங்காதவர் கணக்குக் கேட்க மாட்டார். கேட்பாரற்ற கணக்கு நேராக இராது.