வக்கீல் ஏறிய மேடை



நாடகம், பாட்டு, எழுத்து என்று எதையாவது கல்லூரியோடு மூட்டைகட்டி வைத்துவிட்டு நாளை வேலைக்குப் போகப்போகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகவே பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1873-இல் பிறந்தவர். தமிழ் நாடகம் என்றால் முகம் சுளித்த இளைஞர். 1891-இல் பெல்லாரி கிருஷ்ணமாசார்லுவின் தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் அரிதாரம் பூசி நடிப்பதைக் கண்டார். தமிழில் ஏன் முடியாது என்ற கேள்வி அவரை விடவில்லை. அதே ஆண்டு நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார். வயது 18.

நடிகரைக் கூத்தாடி என்று இளக்காரமாகச் சொன்ன காலம் அது. விடிய விடியப் பாட்டாகவே நாடகம் நடக்கும். பம்மலோ உரைநடை வசனத்தை முன்னால் கொண்டுவந்தார். சில மணி நேரத்தில் முடியும்படி எழுதினார். ‘மனோகரா’, ‘சபாபதி’ உட்பட 90-க்கும் மேற்பட்ட நாடகங்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அவர் கையில் ‘அமலாதித்யன்’ ஆனான். சபை மேடையில் மனோகரனாக நின்றவர், 1936-இல் ‘மனோகரா’ திரைப்படமானபோது அவன் தந்தை புருஷோத்தமனாக நடித்தார். இருபதில் எழுதிய பாத்திரங்களோடு அறுபதிலும் உறவு அறாதிருந்தது எவ்வளவு பெரிய பேறு!

இத்தனையும் செய்தவருக்குப் பிழைப்பு வக்கீல் தொழில். 1924 முதல் 1928 வரை சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதி. பகலில் கோர்ட், மாலையில் ஒத்திகை. இங்கேதான் அவரை நான் மிகவும் மதிக்கிறேன். பொழுதுபோக்குதானே என்று அவர் மேடைக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை. பாடம் ஒப்புவிக்காதவன், ஒத்திகைக்கு வராதவன் மேடையேறக் கூடாது என்பதில் கண்டிப்பு. சம்பளம் வாங்காத கலைஞனுக்குத்தான் ஒழுங்கு அதிகம் வேண்டும் என்று நான் நம்புகிறேன். கேட்க ஆளில்லாத இடத்தில் தன்னையே அல்லவா அவன் கேட்டுக்கொள்ள வேண்டும்?

சபையில் பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சேலை உடுத்தி நின்றார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அந்தச் சபையின் நடிகர்தான். ஊரின் ஏளனம் மெல்ல மெல்ல அடங்கியது. கடல் கடந்து ஈழத்துக் கலையரசு சொர்ணலிங்கமும் பம்மலைக் குருவாக வரித்துக்கொண்டு அங்கே நாடகம் வளர்த்தார்.

1959-இல் பத்மபூஷண் வந்தது. 1964-இல் மறைந்தார். விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது ‘நாடக மேடை நினைவுகள்’ என்ற அவர் நூல். கைதட்டலை மட்டும் எழுதாமல், சறுக்கிய இடங்களையும் தன் குறைகளையும் கூசாமல் எழுதியிருக்கிறார். வேலைக்குச் சேரும் முதல் மாதத்திலேயே அதைப் படித்துவிடுங்கள். அதற்கும் முன்பாக, இந்தக் கல்லூரியில் உங்களோடு நடித்தவர்களை, பாடியவர்களைக் கூப்பிட்டு, வாரத்தில் ஒரு மாலையை இப்போதே பேசி வையுங்கள். ஊர் மாறிப் போனபின் கூடுவது கடினம்.